திருவொற்றியூர் எழுந்து நின்ற நாள்

கண் தெரியாதவனுக்குக் காது ரொம்பக் கூர்மை என்று எல்லோரும் நம்புகிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் முதல் பாங்கில் என் கைநாட்டு வாங்குகிறவர் வரை இதை என்னிடம் சொல்லாத ஆள் கிடையாது. "உங்களுக்கென்ன சார், ஊசி விழுந்தாக்கூட கேட்டுடும்" என்பார்கள். நானும் அடக்கமாகத் தலையாட்டிவைப்பேன். ஊசி விழுந்தால் கேட்குமோ என்னவோ, ஒருமுறை ஒரு ஊரே என் கண்ணெதிரில், மன்னிக்கவும், காதெதிரில் இடம் மாறியது. எனக்கு அது புரியவில்லை.

நான் ராயபுரத்துக்காரன். பெயர் சேவியர். சின்ன வயதில் மாலைக்கண் என்றார்கள். பிறகு பகலிலும் ஓரங்கள் மங்க ஆரம்பித்தன. மீசை முளைத்த சமயத்தில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம். வெள்ளைச் சட்டை போட்டவர் எதிரே வந்தால் ஒரு வெள்ளைத் திட்டு நகர்வது தெரியும். அது பங்குச் சாமியாரா பால்காரரா என்று தெரியாது. அதனால் இருவருக்கும் பொதுவாக "சாமி, ஸ்தோத்திரம்" சொல்லிவிடுவேன். (பால்காரர் ரொம்ப நாள் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.)

கண் போகப் போக வாத்தியங்கள் வந்து சேர்ந்தன. மாதா கோயில் ஆர்மோனியத்தில் ஆரம்பித்தேன். துறைமுகத்தில் வேலை செய்த அத்தான் யாரோ ஒரு கப்பல்காரனிடமிருந்து மவுத்தார்கன் வாங்கிவந்தார். புல்புல்தாரா பக்கத்து வீட்டில் பரணில் கிடந்தது. அக்கார்டியன், ரயில்வேயில் இருந்த ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், ஊரைவிட்டுக் கப்பலேறும்போது கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதை வாசிக்க வேறு ஆள் இல்லாததால் என்னிடம் இரவலாக வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. டோலக் மட்டும் யாரும் தரவில்லை. அண்டாவைக் கவிழ்த்துத் தட்டிப் பழகிக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தெருவுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. நானும் ஒன்றில் சேர்ந்தேன். அதன் தலைவர் என்னைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "ஜனங்க சந்தோஷமா இருக்க வராங்க தம்பி. உன் கண்ணப் பாத்து உச்சு கொட்டவா வராங்க?" என்றார். அன்றே அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். (கோபமாகக் கதவைச் சாத்திக்கொண்டு வர ஆசைதான். கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைத் தடவியதில் கோபத்தின் கம்பீரம் கொஞ்சம் குறைந்துவிட்டது.) இனிமேல் எவன் குழுவும் வேண்டாம், சினிமாப் பாட்டும் வேண்டாம், என் பாட்டு, என் வாத்தியம், நான் ஒருவன், என்று முடிவெடுத்தேன்.

ஒருவன் எப்படி ஒரு குழு ஆவது? அதற்குத்தான் கன்னியப்பன் இருந்தான். என் பள்ளிக்கூடத் தோஸ்து. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் வேலை. (என்ன தொழிற்சாலை என்று சொல்லமாட்டேன். என்ன தயாரித்தார்கள் என்று சொன்னால்கூட ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.) அவன் பழைய இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்து எனக்கு ஒரு கவசம் செய்து கொடுத்தான். கழுத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம், அதில் மவுத்தார்கன். மார்பில் அக்கார்டியன். இரண்டு முழங்காலிலும் ஜால்ரா, முட்டியை இடித்தால் சத்தம் வரும். வலது காலுக்கு ஒரு மிதிகட்டை, மிதித்தால் பெரிய டிரம் அதிரும். எல்லாவற்றையும் தோல்வாரால் முதுகுப்பக்கம் இறுக்கிக் கட்டவேண்டும். ஒருமுறை மாட்டிக்கொண்டால் இன்னொரு ஆள் வந்து அவிழ்க்கும் வரை நான் கைதிதான்.

என் செலின் அக்கா அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "கர்த்தரே."

செலின் அக்கா பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள். அன்பு, கண்டிப்பு, அடி எல்லாவற்றையும் தாராளமாகத் தந்தவள். அவள் யார் யாரையோ பிடித்து, ஒரு சர்க்கார் ஆபீசில் எனக்கு நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் வேலை ஏற்பாடு செய்திருந்தாள். என்னைப் போன்றவர்களுக்கென்றே ஒதுக்கியிருந்த வேலை. மாதச் சம்பளம், பென்ஷன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லீவு. எனக்கோ பிரம்பு என்றாலே கணக்கு வாத்தியார் ஞாபகம்தான் வரும்.

"பாட்டு சோறு போடாதுடா சேவி" என்பாள்.

"போடும்க்கா. ஜனங்க கை தட்டறாங்க இல்ல?"

"பாவம்னு தட்டுவாங்கடா. கை தட்டறது பெர்சா? பாவம் பாத்து வந்தவன் பாதில எழுந்து பூடுவான். பாட்டு புடிச்சவன்தான் கடசி வரைக்கும் குந்துவான்."

இதை வைத்தே ஒரு பந்தயம் உருவானது. ஒரே ஒரு கச்சேரி. முழுக்க என் சொந்தப் பாட்டு. அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாள். கடைசிப் பாட்டு முடியும்வரை கூட்டம் உட்கார்ந்திருந்தால் நான் என் இஷ்டப்படி பாட்டுக்காரன். எழுந்து போனால் திங்கட்கிழமை காலை அவளோடு ஆபீசுக்குப் போய்ப் பிரம்பைக் கையில் எடுக்கவேண்டும். நான் ஒப்புக்கொண்டேன். அந்த வயதில் நான் எதற்குத்தான் ஒப்புக்கொள்ளவில்லை!

கச்சேரிக்கு இடம் பிடித்ததும் கன்னியப்பன்தான். அவன் தொழிற்சாலையின் யூனியன் ஆண்டு விழா. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மதிலை ஒட்டிய மைதானத்தில். நான் முன்கூட்டியே இடத்தைப் பார்க்க, அதாவது கேட்க, போயிருந்தபோதுதான் விபரீதம் ஆரம்பித்தது. ஷிப்டு முடிகிற சங்கு ஊதியது. நீராவிச் சங்கு. வயிற்றுக்குள் புகுந்து முதுகு வழியாக வெளியே போகிற சத்தம். எல்லோருக்கும் அது வீட்டுக்குப் போகிற நேரம். எனக்கு அது பஞ்சமம். என் அக்கார்டியனின் சுருதிக்கு இம்மி பிசகாத பஞ்சமம்!

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. விடிவதற்குள் சங்கைப் பற்றியே ஒரு பாட்டு கட்டிவிட்டேன்.

*காலயில ஊதுனா கஞ்சி ஆறிப்போவும்,*
*மத்தியானம் ஊதுனா மனசு ஆறிப்போவும்,*
*அந்தியில ஊதுனா ஆளு வூடு சேரும்,*
*ஒரே ஒரு நாளு எனக்காக ஊது சங்கே!*

கடைசி வரியை மூன்றாம் முறை பாடும்போது நிஜச் சங்கே ஊதவேண்டும். அது நிற்காமல் ஊதிக்கொண்டிருக்க, நான் அதன்மேல் அக்கார்டியனை இழைத்து, டிரம்மை அதிரவிட்டு முடிக்கவேண்டும். உலகத்தில் எந்தப் பாட்டுக்காரனுக்காவது ஒரு தொழிற்சாலை சுருதி போட்டிருக்கிறதா? கன்னியப்பனிடம் சொன்னேன். விழா அன்று அவனுக்குத்தான் பாய்லர் டூட்டி. லீவு நாளிலும் அதை முழுக்க அணைக்கமாட்டார்கள்.

அவன் தயங்கினான். "டேய், கொஞ்சமா ஊதுனா ஷிப்டு. நிறுத்தாம ஊதுனா டேஞ்சர்னு அர்த்தம். தெரியுமில்ல?"

"அங்க வேல செய்றவங்க எல்லாம் கிரவுண்டுல குந்தினு கீறாங்களே. பாட்டுன்னு தெரியாதா அவுங்களுக்கு?"

"கிரவுண்டுல கீறவன் சரி மாமு. வூட்ல கீறவங்க? ஊரே ஓடியாந்துரும்டா."

"வர்ட்டுமே! கூட்டம் வாணாம்னா சொல்றேன்?"

இப்படி ஒரு பதிலைச் சொன்னவனுக்கு நியாயமாகப் பார்த்தால் அங்கேயே நாற்காலியைக் கொடுத்துப் பின்னச் சொல்லியிருக்கவேண்டும். கன்னியப்பன் நல்லவன். கலைக்கு மரியாதை தெரிந்தவன். "சரி, எப்ப நிறுத்தணும்?" என்று மட்டும் கேட்டான். "டிரம் சத்தம் நிக்கற வரைக்கும் சங்குக் கயித்த வுடாத" என்றேன். விஷயம் வெளியே தெரிந்தால் ஆச்சரியம் போய்விடும் என்பதால் யூனியன் செகரட்டரிக்குக்கூடச் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் ராயபுரத்திலிருந்து ரயிலில் போனோம். கையில் தூக்க இடமில்லாததால் ஜால்ராக்களை முழங்காலிலேயே மாட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் கிலிங் கிலிங் என்றது. அக்கா என்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி தள்ளி நடந்தாள். ஆனால் பிளாட்பாரத்தின் விளிம்புப் பக்கம் நான் கொஞ்சம் சாய்ந்தால் போதும், எங்கிருந்தோ வந்து முழங்கையால் உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் அந்நியமாகிவிடுவாள்.

எண்ணெய்ப் பீப்பாய்களின்மேல் பலகை அடுக்கிக் கட்டிய மேடை. கன்னியப்பன் வந்து என்னைக் கவசத்தில் பூட்டி, டிரம்மைப் பலகையோடு கட்டிவிட்டு, "ஜமாய்" என்று முதுகில் தட்டிவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போனான். செகரட்டரி வரவேற்புரை ஆற்றினார். போனஸ் பற்றிப் பேசினார், உலகத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசினார், கடைசியில் என்னைப் பற்றிப் பேசும்போது "விழியிழந்தாலும் வழியிழக்காத வீரர்" என்றார். இது பாவப்பட வைக்கிற பேச்சு. அக்காவின் கணக்கில் இவர்கள் பாதியில் எழுந்துபோகிற ஜாதியாகிவிடுவார்கள்.

ஆனால் என் பாட்டு எடுபட்டது. துறைமுகத்துக் கிரேன் காதலிக்குக் கழுத்தை நீட்டுகிற பாட்டுக்கு விசில் பறந்தது. எண்ணூருக்கு லாரியில் போய்ச் சேர்வதற்குள் மீசை நரைத்துப்போகிற டிரைவரின் பாட்டுக்கு, "அதான் மெய்யாலுமே நடக்குது!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கு முன்னால் மைதானம் முழுக்க ஒரு பெரிய வெள்ளைத் திட்டு. அது அசையவேயில்லை. மனதுக்குள் பிரம்பையெல்லாம் தூக்கிக் கடலில் போட்டேன்.

கடைசிப் பாட்டு. முதல்முறை "எனக்காக ஊது சங்கே" என்றதும் சிரித்தார்கள். இரண்டாம் முறை கூடவே பாடினார்கள். மூன்றாம் முறை கையை உயர்த்திப் பாடினேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சங்கு ஊதியது.

சுருதி சேரவில்லை! இதை இன்றுவரை என்னால் மன்னிக்கமுடியவில்லை. லீவு நாள் என்பதால் நீராவி குறைவு. பஞ்சமத்தில் நிற்கவேண்டிய சங்கு அதற்குக் கீழே எங்கேயோ, சினைமாடு முனகுவது மாதிரி ஆரம்பித்து, மெள்ள மெள்ள மேலே ஏறியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அக்கார்டியனை அதற்கு இழுத்துப் பிடித்து வாசித்தேன். ஊசி விழுந்தால் கேட்கிற காது அந்த நேரம் முழுக்கச் சுருதியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தது.

பிறகு பெஞ்சுகள் கடகடவென்று நகரும் சத்தம். வெள்ளைத் திட்டு மொத்தமாக மேலே எழும்பியது.

எழுந்து நிற்கிறார்கள்! வெளிநாட்டில் பெரிய வித்வான்களுக்கு ஜனங்கள் எழுந்து நின்று மரியாதை செய்வார்கள் என்று ரேடியோவில் கேட்டிருந்தேன். திருவொற்றியூரில் அது எனக்கு நடக்கிறது! டிரம்மை இன்னும் பலமாக மிதித்தேன். (மிதிக்க மிதிக்க மதிலுக்கு அந்தப் பக்கம் கன்னியப்பன் கயிற்றை இன்னும் பலமாக இழுத்தான். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.)

அடுத்து நூற்றுக்கணக்கான கால்கள் தடதடவென்று ஓடும் சத்தம். என்னைத் தோளில் தூக்கத்தான் வருகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். டிரம் பலகையோடு கட்டியிருக்கிறது, தூக்கினால் மேடையே கூட வரும். அதனால் மைக்கில், "பொறுமை! பொறுமை! ஒருத்தர் ஒருத்தரா வாங்க!" என்று கேட்டுக்கொண்டேன்.

யாரும் வரவில்லை. கட்டுப்பாடான தொழிலாளர்கள், சொன்ன பேச்சைக் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள்போல என்று நினைத்து, கால் டிரம்மை விடாமல் மிதித்துக்கொண்டிருக்க, நன்றியுரையைத் தொடங்கினேன். செகரட்டரிக்கு நன்றி. நிர்வாகத்துக்கு நன்றி. "பின்வரிசையில் அமர்ந்திருக்கும் என் சகோதரி இப்போதாவது பார்த்துக்கொள்ளட்டும், ஒருவரும் எழுந்து போகவில்லை" என்று கொஞ்சம் குத்தலாகவும் பேசினேன். வெள்ளைத் திட்டு காணாமல் போயிருந்தது. மேகம் மறைத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். காலியான மைதானத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர்களும் என் நன்றியைக் கவிழ்ந்த பெஞ்சுகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் தூரத்திலிருந்து அழுகை கேட்டது. ஒரு பெண், இரண்டு பெண்கள், பிறகு கணக்கில்லாத பெண்கள். கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் பின் தெருக்களிலிருந்தும் தொழிலாளர்களின் குடும்பங்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தது எனக்கு எப்படித் தெரியும்? என் பாட்டு ஜனங்களை அழவைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனந்தக் கண்ணீருக்குத் தகுந்தபடி மவுத்தார்கனில் மெதுவாக ஒரு சோக ராகத்தை எடுத்தேன்.

மதிலோரம் வந்து நின்ற பெண்களுக்கு, சங்கும் ஊதி, ஸ்பீக்கரில் சோக வாத்தியமும் கேட்டால் என்ன தோன்றும்? யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பது உறுதியாகிவிட்டது. அழுகை இரண்டு மடங்காயிற்று. அழுகை கூடக்கூட நான் உருகி உருகி வாசித்தேன்.

திடீரென்று மேடை ஆடியது. யாரோ ஏறி வந்து என் கழுத்துக் கம்பியைப் பிடித்து இழுத்தார்கள். நான் தலையைக் குனிந்து, "மாலையெல்லாம் எதுக்கும்மா" என்றேன்.

பளாரென்று கன்னத்தில் ஒரு அறை. அந்தக் கையை எனக்குக் குழந்தையிலிருந்தே தெரியும்.

"பேமானி! பாய்லர் வெடிக்கப் போவுது, மாலை கேக்குறான்! எய்ந்து வாடா!"

"யக்கா, அது பாய்லர் இல்ல! பாட்டுக்கா! நாந்தான் ஊதச் சொன்னேன்!"

அவள் காதில் எதுவும் விழவில்லை. முதுகுப்பக்கம் வாரை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. உடனே கவசத்தோடு என்னை இழுத்தாள். என் கால் மிதிகட்டையில் மாட்டிக்கொண்டதால் ஒவ்வொரு இழுப்புக்கும் டிரம் ஒருமுறை அதிர்ந்தது. டிரம் அதிர்ந்ததால் சங்கு நிற்கவில்லை. சங்கு நிற்காததால் அக்கா இன்னும் வேகமாக இழுத்தாள். கடைசியில் பலகை பெயர்ந்து, நானும் அக்காவும் அக்கார்டியனும் டிரம்மும் ஒரே மூட்டையாகத் தரையில் விழுந்தோம். அக்கார்டியன் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டுக் கிழிந்தது.

டிரம் நின்றது. சொன்ன சொல் தவறாத கன்னியப்பன் கயிற்றை விட்டான். அந்த நிசப்தத்தில் மதிலுக்கு மேலிருந்து அவன் குரல் ஊருக்கே கேட்டது.

"சேவி! எப்டி மாமு இருந்துச்சு? போதுமா, இன்னும் கொஞ்சம் ஊதட்டா?"

அந்த ஒரு கேள்வியில் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. ஓடிய தொழிலாளர்கள் ஒரு பக்கமிருந்தும், அழுத குடும்பங்கள் மறுபக்கமிருந்தும் மைதானத்துக்குள் வந்தார்கள். நடுவில் மணியடித்துக்கொண்டு ஒரு தீயணைப்பு வண்டியும் வந்து சேர்ந்தது. எந்தப் பக்கம் தண்ணீர் அடிப்பது என்று அவர்கள் கேட்க, செகரட்டரி என்னைக் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"என் கொயம்பு தீஞ்சிபோச்சுடா பாவி!" என்று ஒரு அம்மாள். "மூஞ்சில பாதி செரச்சிகினு இருந்தேன், அப்டியே எய்ந்து ஓடியாறேன்!" என்று ஒரு ஆண் குரல். "என் வூட்டுக்காரரு பூட்டாருன்னு தாலிய கையில புடிச்சிகினு வந்தேனே!" என்று இன்னொருத்தி சொல்லி, அப்போதுதான் கூட்டத்தில் தன் வீட்டுக்காரரைக் கண்டுபிடித்து, அவரைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். அந்த அழுகை நெஞ்சில் தைத்தது. அதுவரை வேடிக்கையாக இருந்ததெல்லாம் எனக்கு அந்த நிமிடம் வேடிக்கையாக இல்லை. வெட்கத்தில் அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"குருடன்னு பாத்தா, இன்னா திமிரு பாரு! ரெண்டு போட்டாதான் அடங்குவான்" என்று அரைச் சவரக்காரர் நெருங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். (எதற்கு என்று கேட்காதீர்கள். அடி விழப்போகும்போது எல்லோரும் செய்வதுதான்.)

அடி விழவில்லை. அக்கா எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"கை வெச்சிப் பாரு" என்றாள். "தப்புதான். நானே இப்பதான் ஒண்ணு வுட்டேன், பாத்த இல்ல? இவன அடிக்க நான் கீறேன். நீ இன்னாத்துக்கு?"

"இன்னாம்மா பேசுற? ஒரு பாட்டுக்காக ஊரையே ஓட வெச்சிட்டான்!"

"ஆமா, ஓட வெச்சான். எதுக்கு ஓட வெச்சான்னு தெரிய வாணாமா? இம்மாம் தூரம் ஓடியாந்தீங்க, அந்தப் பாட்டக் கேளுங்க முதல்ல. கலீஜா இருந்துச்சுன்னா, சொல்லு, நானே கட்ட எடுத்துத் தரேன். கேட்டுட்டு அடி."

என் பாட்டை யாராவது கேட்கவேண்டும் என்று அக்கா சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கூட்டம் முணுமுணுத்தது. ஓடிவந்த களைப்பு வேறு. முதலில் யாரோ ஒரு அம்மாள், "பாடித் தொலையட்டும், எனக்குக் கால் வலிக்குது" என்று கீழே உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக உட்காரும் சத்தம் கேட்டது. இந்த முறை அது என்ன சத்தம் என்று நானாக முடிவுசெய்யத் துணியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, இன்னா பண்றாங்க?" என்று கேட்டேன்.

"குந்திகினு கீறாங்க. பாடு."

அக்கார்டியன் இல்லை, டிரம் இல்லை. முழங்கால் ஜால்ராவில் ஒன்றுதான் மிச்சம், அதுவும் நெளிந்திருந்தது. வெறும் தொண்டையில் பாடினேன். கஞ்சி ஆறிப்போகிற வரியில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு. அந்தியில் ஆள் வீடு சேருகிற வரியில் யாரும் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு நாளு எனக்காக ஊது சங்கே" என்றபோது, "டேய், இப்ப ஊதுனே, மவனே!" என்று மதிலைப் பார்த்து அரைச் சவரக்காரரே கத்தினார். மைதானம் குலுங்கியது. பாட்டு முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை, அக்கா ஒவ்வொரு வரிக்கும் என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பந்தயத்தில் யார் ஜெயித்தது? ரயிலில் திரும்பும்போது நான் பயந்து பயந்து கேட்டேன். வந்த கூட்டம் முழுக்கக் கடைசிப் பாட்டில் எழுந்து ஓடியது உண்மை. அழைக்காத கூட்டம் வந்து கடைசிவரை உட்கார்ந்ததும் உண்மை. ராயபுரத்தில் இறங்கியபிறகு அக்கா, "நாற்காலி எங்கயும் ஓடிடாது. அத்த அப்பால பாத்துக்கலாம்" என்றாள். அந்த அப்பால இன்றுவரை வரவில்லை.

கன்னியப்பனைச் சங்குக் கயிற்றுப் பக்கமே போகக்கூடாது என்று நிலக்கரிப் பக்கம் மாற்றினார்கள். வேலை போகாமல் யூனியன் வாதாடிக் காப்பாற்றியது, அவர்கள் விழாவில் நடந்த குற்றம்தானே. என்னை அந்தத் தொழிற்சாலை இருக்கும் தெருவிலேயே பார்க்கக்கூடாது என்றார்கள். ஆனால் அன்று ஓடாதவர்கள் வடசென்னையில் குறைவு. ஓடியவர்கள் அத்தனை பேரும் கதையைச் சொன்னார்கள். கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா, சங்க விழா என்று எண்ணூரிலிருந்து யானைக்கவுனி வரை கூப்பிட்டார்கள். "அந்த சங்கு ஊதுன ஆள இட்டா" என்பார்கள். சேவியர் போய் சங்கு சேவியர் ஆனேன். வேறு யார் பாட்டையும் பாடாமல், வேறு யார் திரைக்குப் பின்னாலும் உட்காராமல் பிழைத்துவிட்டேன்.

மைதானம் முழுக்கப் பாய்லருக்குப் பயந்து வெளியே ஓடியபோது, கூட்டத்தோடு வாசல்வரை தள்ளப்பட்ட ஒருத்தி மட்டும் அத்தனை பேரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு திரும்ப உள்ளே ஓடிவந்தாள். இதை அவளிடம் சொன்னால், "உனுக்காக எவ வந்தா? கோயில் அக்கார்டியனாச்சே, சாமியார் கேட்டா இன்னா சொல்றதுன்னு வந்தேன்" என்பாள். பேரப்பிள்ளைகள் வரை இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கிடையாது.

அன்றிலிருந்து அக்கா எந்தக் கச்சேரியிலும் பின்வரிசையில் உட்காரவில்லை. மேடையில், எனக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூல். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நான் மெதுவாக, "கீறாங்களா?" என்பேன். "கீறாங்க" என்பாள். அப்புறம்தான் வணக்கம் சொல்வேன்.

இப்போது மேடையெல்லாம் இல்லை. எனக்கு மூச்சு போதவில்லை, அக்காவுக்கு முட்டி வலி. போன வாரம் சாயங்காலம் வீட்டில் சும்மா புதுசாக ஒரு பாட்டு முனகிக்கொண்டிருந்தேன். முடித்ததும் பழக்கதோஷத்தில் வாய் தானாகக் கேட்டது.

"யக்கா, கீறாங்களா?"

"நான் ஒருத்திதான் கீறேன்" என்றாள் அக்கா. "இன்னொண்ணு பாடறதா இருந்தா சட்டுனு பாடு. சீரியல் போட்டுருவான், நானும் எய்ந்து பூடுவேன்."